மலைத் தோட்டத்தின் காற்பந்துத் திடல்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் செல்பவர்கள் தானா ராத்தா என்னும் ஊரை அறிவார்கள். மலாய் மொழியில் ‘தானா’ என்றால் நிலம். ‘ராத்தா’ என்றால் சமமானது. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மலைநாட்டில் ஓர் ஊருக்குச் ‘சமநிலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்குச் சமநிலம் எத்தனை அரிது என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

தாழ்நிலத்தில் வாழும் நமக்குத் திடல் என்பது புதுமையன்று. பள்ளியின் பின்புறம் ஒன்று, குடியிருப்பின் நடுவே ஒன்று என அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். தேயிலைத் தோட்டத்திலோ நிலைமை வேறு. அங்கு ஒரு காற்பந்துத் திடல் இருக்கிறது என்றால், யாரோ அதற்காக மண்ணை வெட்டியிருக்கிறார்கள். நீருக்கு வழி செய்திருக்கிறார்கள். செடி நட்டு வருமானம் பார்க்கக்கூடிய இடத்தை விளையாட்டுக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தகைய திடல் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு அமைக்கப்படுகிறது, அதில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும், அது ஏன் காக்கப்பட வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சமநிலம் தேடிய வரலாறு

கேமரன் மலையின் வரலாறே சமநிலத்தைத் தேடிய வரலாறுதான். 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில அளவையாளர் இம்மலைப் பகுதியில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். மலைகளுக்கு நடுவே மென்சரிவான பீடபூமி ஒன்று இருப்பதாக அவர் தெரிவித்தார். அவர் பெயரையே இம்மலை இன்றும் தாங்கி நிற்கிறது. எனினும், அந்தத் தகவல் பல ஆண்டுகள் பயன்படுத்தப்படாமலே கிடந்தது. 1925-ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே, இதனை ஒரு மலைவாழிடமாக மேம்படுத்தும் முயற்சி சூடுபிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போடப்பட்டது.

சாலையோடு தேயிலையும் வந்தது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவருடன் சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ஆம் ஆண்டில் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானது. இன்று போ நிறுவனத்திற்குக் கேமரன் மலையில் போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் ஆகிய தோட்டங்கள் உள்ளன. புளூ வேலி தோட்டமும் இம்மலையின் பழைய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றாகும்.

பெரிய இயந்திரங்கள் இல்லாத அக்காலத்தில் காட்டை அழித்து, சரிவுகளில் வரிசை வரிசையாகச் செடி நட்டவர்கள் தொழிலாளர்களே. அவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். மண்வெட்டியும் கூடையும்தாம் அவர்களின் கருவிகள். மலையைத் தோட்டமாக்கிய அதே கைகள்தாம் பின்னர்த் தங்கள் பிள்ளைகளுக்குத் திடலையும் ஆக்கிக் கொடுத்தன.

தேயிலை வேண்டாத இடம்

தோட்டத்தில் திடல் எந்த இடத்தில் அமையும் என்பதை முதலில் முடிவு செய்வது தேயிலைச் செடிதான். தேயிலைக்கு நிறைய மழை வேண்டும். ஆனால், வேரடியில் நீர் தேங்கி நிற்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும். சரிவான நிலத்தில் மழைநீர் தானாகவே வடிந்துவிடும். அதனால்தான் தேயிலை மலைச்சரிவுகளில் செழித்து வளர்கிறது.

சரிவின் அடியில், ஓடைக்கு அருகில் இருக்கும் தட்டையான நிலம் ஈரம் மிகுந்தது. தேயிலைக்கு அது ஏற்றதன்று. எனவே, அவ்விடங்களில் லயத்து வீடுகள், தொழிற்சாலை, பெரட்டுக் களம், கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்தகம் ஆகியவை எழுந்தன. எஞ்சிய துண்டு நிலத்தில் பிள்ளைகள் பந்து உதைத்தனர். நாளடைவில் அந்தத் துண்டு நிலம் விரிவாக்கப்பட்டு, இரு முனைகளிலும் கம்பங்கள் நடப்பட்டுத் திடலாயிற்று.

இதில் ஒரு முரண்பாடு மறைந்திருப்பதைக் கவனியுங்கள். நீர் நன்றாக வடியும் சரிவு தேயிலைக்குப் போய்விட்டது. நீர் தேங்கும் தட்டை நிலம் திடலுக்கு வந்து சேர்ந்தது. எனவே, மலைத் தோட்டத்துத் திடலின் முதல் எதிரி நீர்தான். அதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

தோட்ட வாழ்வின் முற்றம்

தோட்டத்தில் வேலை காலைப் பெரட்டோடு தொடங்கிவிடும். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிய பிறகு, இருட்டுவதற்குள் கிடைக்கும் ஒன்றரை மணி நேரமே விளையாட்டுக்கு உரியது. 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதனால், கடிகாரப்படி தீபகற்பத்தில் மாலை ஏழு மணியளவிலோ அதற்குப் பின்னரோதான் பொழுது சாய்கிறது. வேலை முடிந்து வந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் பெரும் வாய்ப்பாகும்.

பந்தாட்டம் மட்டுமா அங்கு நடந்தது? பொங்கல் விளையாட்டுகள், கோயில் திருவிழாக் கூட்டங்கள், பள்ளி விளையாட்டுப் போட்டி, கூட்டுப்பணிக்கு ஆள் திரட்டுதல் என எல்லாவற்றிற்கும் அந்த ஒரே இடம்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முற்றம் இருப்பதுபோல், தோட்டம் முழுமைக்கும் ஒரு முற்றமாகத் திடல் விளங்கியது.

நாட்டு வரலாற்றிலும் திடலுக்கு இத்தகைய இடம் உண்டு. கோலாலம்பூரில் இன்று மெர்டேக்கா சதுக்கம் எனப்படும் இடம் ஒரு காலத்தில் சிலாங்கூர் கிளப்பின் விளையாட்டுத் திடல். 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 பிறக்கும் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, நம் கொடி ஏறியது அந்தத் திடலில்தான்.

காற்பந்து நம் விளையாட்டானது எப்படி?

காற்பந்தை மலாயாவுக்குக் கொண்டு வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1921-ஆம் ஆண்டில், ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்திற்காக மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. அதுவே இன்றைய மலேசியக் கிண்ணம். அக்கிண்ணத்தைப் பகாங் அணி 1983, 1992, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1957-இல் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டதும் அனைத்துலக அணிகள் பங்கேற்ற மெர்டேக்காப் போட்டியும் தொடங்கியது.

வெளியார் கொண்டுவந்த இவ்விளையாட்டைப் பல இனத்தவரும் தமதாக்கிக் கொண்டனர். 1972-ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் விளையாடிய மலேசியக் காற்பந்து அணிக்குத் தலைமையேற்றவர் எம். சந்திரன். 1980-ஆம் ஆண்டில் தென் கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பாய்ந்து பிடித்த அவரை இரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தனர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி மாஸ்கோ செல்லவில்லை. ஆனால், சந்திரன், ஆறுமுகம் என்னும் பெயர்களைக் கேட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தம் திடலுக்கும் மெர்டேக்கா அரங்கத்திற்கும் இடையே ஒரு வழி இருப்பதாகத் தோன்றியது.

திடலின் அளவு

காற்பந்து விதிமுறைப்படி ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையிலும் அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையிலும் இருக்கலாம். அனைத்துலக ஆட்டங்களுக்கு நீளம் 100 முதல் 110 மீட்டர். அகலம் 64 முதல் 75 மீட்டர். பெரிய அரங்கங்களில் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளமே வழக்கத்தில் உள்ளது. கோல் கம்பங்களுக்கு இடையிலான தூரம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். தண்டனை உதைப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தொலைவில் இருக்கும்.

105 மீட்டரையும் 68 மீட்டரையும் பெருக்கினால் 7,140 சதுர மீட்டர் வரும். ஓரங்களில் ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஐந்து மீட்டர் விட்டால், தேவைப்படும் இடம் ஏறக்குறைய 9,000 சதுர மீட்டராகும். இது ஒரு ஹெக்டேரை நெருங்குகிறது. ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழப் பத்தாயிரம் தேயிலைச் செடிகளை நடலாம். அத்தனை செடிகளுக்குரிய பரப்பைத் தட்டையாகக் காண்பது மலையில் எளிதன்று. அதனால், தோட்டத்துத் திடல்கள் பலவும் விதிமுறையின் குறைந்தபட்ச அளவை ஒட்டியே அமையும். சில அதைவிடவும் சிறியனவாக இருக்கும். அத்தகைய திடல்களில் எழுவர் ஆட்டம் நடைபெறும்.

வெட்டும் நிரப்பும்

சரிவான நிலத்தைச் சமமாக்குவதற்கு ‘வெட்டி நிரப்புதல்’ என்னும் முறை கையாளப்படுகிறது. மேற்பக்க மண்ணை வெட்டி எடுத்துக் கீழ்ப்பக்கத்தில் நிரப்புவதே இம்முறை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இவ்வேலையில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வெட்டிய பகுதியும் நிரப்பிய பகுதியும் ஒரே உறுதி உடையவை அல்ல. வெட்டிய பகுதியில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளாக இறுகிய இயற்கை மண். நிரப்பிய பகுதியில் இருப்பது நேற்று கொட்டிய மண். அதனை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அழுத்தி இறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால், சில மழைக்காலங்களில் அப்பக்கம் அமிழ்ந்துவிடும். திடலின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் பள்ளமாக இருந்தால், அதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டாவது, மேலேயிருந்து வரும் நீரைத் திடலுக்குள் விடக் கூடாது. வெட்டிய சரிவின் உச்சியில் ஒரு வாய்க்கால் தோண்டி, மலைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். சரிவின் அடியிலும் ஒரு வாய்க்கால் தேவை.

மூன்றாவது, கீழ்ப்பக்கச் சரிவைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குக் கற்சுவர் எழுப்பலாம், வெட்டிவேர் நடலாம். வெட்டிவேர் ஆழமாக இறங்கி மண்ணைக் கவ்விக்கொள்ளும் இயல்புடையது. நம் முன்னோர் விசிறிக்கும் நறுமணத்திற்கும் பயன்படுத்திய அதே வேர், இன்று உலகெங்கும் சரிவுகளைக் காக்கிறது.

நீரோடு போராட்டம்

கேமரன் மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். இந்த எண் திடலுக்கு என்ன பொருள் தருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் நீராகும். ஒரு மாலையில் 40 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 7,140 சதுர மீட்டர் ஆடுகளத்தில் விழும் நீர் 2,85,600 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய்களில் அதனைப் பிடித்தால் 1,428 பீப்பாய்கள் நிரம்பும். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் அது 19 மில்லியன் லிட்டரைத் தாண்டும்.

இவ்வளவு நீரையும் வெளியேற்ற நல்ல திடலில் மூன்று ஏற்பாடுகள் இருக்கும். ஒன்று, திடலின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சற்று மேடாக இருக்கும். ஒரு விழுக்காட்டுச் சாய்வு என்றால், 68 மீட்டர் அகலமுள்ள திடலின் நடுக்கோடு ஓரத்தைவிட 34 செண்டிமீட்டர் உயரமாக அமையும். கண்ணுக்கு அது புலப்படாது, நீருக்குப் புலப்படும். மற்றொன்று, புல்லுக்குக் கீழே மணல் கலந்த மண்ணும் அதற்குக் கீழே சரளைக் கற்களும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். மூன்றாவது, திடலைச் சுற்றி வாய்க்கால் ஓடும். வசதி குறைந்த திடல்களில் நடுவிலுள்ள குழாய்கள் இல்லாவிட்டாலும், நடுமேடும் சுற்று வாய்க்காலும் கட்டாயம் தேவை.

வாய்க்காலோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த நீர் எங்கே போகிறது? திடலிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ரிங்லெட் பகுதியில் இருந்தால் ஆற்றிலிருந்து சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டின் ஏரிக்கும் அது போய்ச் சேர்கிறது. மலையில் காடழிப்பும் முறையற்ற நிலவேலையும் மிகுந்ததால் ஏராளமான வண்டல் அந்த ஏரியில் படிந்துள்ளது. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட வெள்ளம் உயிர்களைப் பறித்தது, வீடுகளைச் சேதப்படுத்தியது. ஆகவே, திடல் வாய்க்காலின் முடிவில் மண்ணைத் தேக்கிப் பிடிக்கும் குழி ஒன்றை அமைத்து, அவ்வப்போது தூர்வார வேண்டும். தன் திடலின் மண்ணைத் தன் இடத்திலேயே நிறுத்திக்கொள்பவர், கீழே வாழ்பவருக்கும் நன்மை செய்கிறார்.

புல்லும் பராமரிப்பும்

நம் நாட்டுத் திடல்களில் பரவலாகக் காணப்படுவது அகன்ற இலையுடைய மாட்டுப்புல். அது மிதிபட்டாலும் தாங்கும்; ஓடுதண்டு விட்டுப் படரும்; செலவு குறைவு. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திலும் பல ஆண்டுகள் அவ்வகைப் புல்லே இருந்தது. 1998-இல் திறக்கப்பட்ட, 80,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த அரங்கத்தின் திடல் நிலை குறித்துக் குறைகள் எழுந்த பின், அங்கு நுண்ணிலை கொண்ட சோய்சியா வகைப் புல் நடப்பட்டது.

கேமரன் மலையின் குளிர் புல்லின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. இங்குச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை செல்சியஸ். தாழ்நிலத்தில் இரண்டு வாரத்தில் ஆறும் புண், இங்கு ஆறக் கூடுதல் நாள் பிடிக்கும். எனவே, மலைத் திடலுக்கு ஓய்வு மிகவும் தேவை. கனத்த மழை பெய்த மறுகணமே அதில் இறங்கி விளையாடினால், மண் இறுகிப் புல்வேர் மூச்சுத் திணறும்.

பராமரிப்பு வேலைகள் எளியவைதாம்; ஆனால், இடைவிடாமல் செய்ய வேண்டியவை. புல்லை வெட்டும்போது ஒரே தடவையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. இறுகிய இடங்களில் கவைக்கோலால் குத்தித் துளையிட்டு மணல் தூவ வேண்டும். கோல் வாய்ப்பகுதியில்தான் புல் முதலில் தேயும். பயிற்சியின்போது அவ்விடத்தைத் தவிர்த்துக் கம்பங்களை இடம் மாற்றி வைக்கலாம். வாய்க்காலில் சேரும் சருகுகளை வாரந்தோறும் அள்ள வேண்டும். ஒரு பள்ளியோ இளைஞர் மன்றமோ கூட்டுப்பணியாக இவற்றைச் செய்யலாம்.

திடலில் இருக்க வேண்டிய வசதிகள்

சிறிய திடலானாலும் சில வசதிகள் அடிப்படையானவை.

முதலில் கோல் கம்பங்கள். பழைய நாளில் காட்டு மரத்தை நட்டு, குறுக்கே ஒரு கழியைக் கட்டினர். இன்று இரும்பு அல்லது அலுமினியக் கம்பங்கள் பயன்படுகின்றன. இடம் மாற்றக்கூடிய கம்பங்களை நிலத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும் என்பது விதி. கம்பத்தில் தொங்கி ஆடுவது உயிருக்கே ஆபத்து; கம்பம் சாய்ந்து சிறுவர்கள் இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன.

அடுத்து, கோடுகள். அவற்றின் அகலம் 12 செண்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். முன்பு சுண்ணாம்பு தூவினர். அது கண்ணையும் தோலையும் எரிக்கும் என்பதால் இப்போது அதற்குரிய வண்ணப்பூச்சு பயன்படுத்தப்படுகிறது.

மலைத் திடலுக்கே உரிய தேவை ஒன்றுண்டு. அதுதான் பள்ளத்துப் பக்கத்தில் உயரமான வலைவேலி. அது இல்லாவிட்டால் வலுவாக உதைத்த பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு ஓடைவரை போய்விடும். பந்தைத் தேடுவதிலேயே ஆட்ட நேரம் கரையும், செடிகளும் மிதிபடும்.

கூரையிட்ட கொட்டகை மற்றொரு தேவை. அது பார்வையாளர்களுக்கு நிழல் தருவது மட்டுமின்றி, மழைக்கும் ஒதுங்க இடம் தருகிறது. இடி மின்னல் மிகுந்த நாடு நம் நாடு. இடியோசை கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, சுவருள்ள கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழிந்த பிறகே திடலுக்குத் திரும்ப வேண்டும். திறந்த கொட்டகையும் தனிமரமும் மின்னலிலிருந்து காக்கமாட்டா.

குடிநீர்க் குழாய், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிவறை, உடைமாற்றும் அறை, முதலுதவிப் பெட்டி, மருத்துவ வண்டி வந்து நிற்கும் வழி ஆகியவையும் வேண்டும். உடைமாற்றும் அறையும் கழிவறையும் இல்லாத திடலில் மாணவிகள் விளையாடத் தயங்குவர். அவர்கள் விளையாட வரவில்லை என்று குறை கூறுவதற்கு முன், அவர்கள் வருவதற்கு வசதி இருக்கிறதா என்று பார்ப்பது முறையாகும்.

உயரமும் மூடுபனியும்

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் உதைத்த பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். தாழ்நிலத்திலிருந்து வரும் ஆட்டக்காரருக்கு விரைவில் மூச்சு வாங்கும். பொலிவியாவின் லா பாஸ் நகரில் இது பன்மடங்காகும். அங்குள்ள அரங்கம் 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அத்தகைய உயரங்களில் அனைத்துலக ஆட்டம் நடத்த 2007-ஆம் ஆண்டில் ஃபிஃபா தடை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே அதனை விலக்கிக்கொண்டது. மலைவாழ் மக்கள் தங்கள் ஊர்த் திடலில் விளையாடும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

கேமரன் மலையில் உயரத்தைவிட மூடுபனியே பெரிய இடையூறு. மாலையில் பனி இறங்கினால் எதிர்க் கம்பம் தெரியாது. அப்போது ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு உண்டு.

மூணாற்றின் எடுத்துக்காட்டு

தேயிலையும் காற்பந்தும் கைகோத்த மற்றோர் இடம் கேரளத்தின் மூணாறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. அங்குத் தோட்டங்களுக்கிடையே நடைபெறும் ‘ஃபின்லே கேடயம்’ காற்பந்துப் போட்டி 1940-களில் தொடங்கியது. ஒவ்வொரு தோட்டமும் தன் அணியை அனுப்பும்; கொழுந்து பறிப்போரும் தொழிற்சாலைப் பணியாளரும் தம் அணிக்காகத் திரண்டு வருவர். நிருவாகம் மாறியது; தலைமுறைகள் மாறின; ஆனாலும், போட்டி மறையவில்லை. ஆண்டுதோறும் ஒரு போட்டி நடப்பதால் திடலைப் பராமரிக்கும் கடமையும் ஆண்டுதோறும் நினைவூட்டப்படுகிறது. பயன்பாடே பாதுகாப்பு என்பதை மூணாறு உணர்த்துகிறது.

திடல் யாருக்குச் சொந்தம்?

இக்கேள்விக்கு இடத்திற்கு இடம் விடை மாறும். நகரத் திடலை மாவட்ட மன்றம் பராமரிக்கிறது. பள்ளித் திடல் பள்ளிக்கு உரியது. தோட்டத்துத் திடலோ தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் அமைந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு விளையாடியவர்களின் பெயரில் அந்நிலம் இல்லை.

தாழ்நிலத்து இரப்பர்த் தோட்டங்களின் கதை இதற்குப் பாடமாகும். தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மாற்று இடம் கேட்டு மக்கள் போராடினர். பல இடங்களில் பெற்றனர். திடலுக்காகக் குரல் எழுப்பியவர் குறைவு. கோயிலில் தெய்வம் இருக்கிறது, பள்ளியில் மாணவர் இருக்கின்றனர். திடல் வெறும் புல்வெளிதானே என்று எண்ணினர். மாலையில் பிள்ளைகள் கூட இடமின்றிப் போன பிறகே இழப்பின் அளவு தெரிந்தது.

1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தொழிலாளர்களின் வீடுகளுக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்ச அளவுகோலை வகுத்தது. நல்ல வீடும் நல்ல நீரும்போல, இளைப்பாறவும் விளையாடவும் இடம் இருப்பதும் மனித வாழ்வின் தேவைதான். கேமரன் மலையில் இன்று காய்கறிப் பண்ணைகளும் தங்கும் விடுதிகளும் சமநிலத்தை நாடுகின்றன. ஒரு திடலை அமைக்கப் பல மாதங்கள் மண்ணோடு போராட வேண்டும். அதன்மீது கட்டடம் எழுப்பிவிட்டால் மீண்டும் அதனைப் பெறுவது அரிது.

இன்னொன்றையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் படித்து நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். இன்று கொழுந்து பறிப்பவர்களுள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் மிகுதி. ஒரு காலத்தில் நம் முன்னோர் கடல் கடந்து வந்து, அந்நிய மண்ணில் மாலைப் பொழுதைக் கழித்த அதே நிலையில்தான் அவர்களும் உள்ளனர். பந்தை உதைக்க மொழி தேவையில்லை. அவர்களோடு சேர்ந்து விளையாடும் திடல், தன் பழைய பணியையே தொடர்ந்து செய்கிறது.

நாம் செய்யக்கூடியவை

திடலைக் காப்பது பெரியவர்களின் வேலை மட்டுமன்று. நம் ஊர்த் திடலின் வரலாற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். அது எப்போது அமைந்தது, யார் மண் சுமந்தனர், அங்கு என்னென்ன நடந்தன என்பனவற்றைப் பதிவு செய்தால், பிற்காலத்தில் அப்பதிவே சான்றாகும். திடலின் நீள அகலங்களை அளந்து வரைபடம் தயாரிக்கலாம். மழை பெய்த மறுநாள் எங்கெங்கு நீர் தேங்கியுள்ளது என்பதைக் குறித்துப் பள்ளி நிருவாகத்திடமோ மாவட்ட மன்றத்திடமோ முறையாகக் கடிதம் எழுதலாம். வாய்க்காலைத் தூய்மை செய்யும் கூட்டுப்பணியில் பங்கேற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் விளையாடலாம். ஆளரவமற்ற திடலை அடுத்தவர் காலி மனையாகவே பார்ப்பர். பிள்ளைகள் ஓடியாடும் திடலை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

மலையை வெட்டிச் சமநிலம் ஆக்கியவர்கள் அதனைத் தங்களுக்காக மட்டும் ஆக்கவில்லை. நாள் முழுதும் சரிவில் நின்று உழைத்த கால்களுக்கு, மாலையில் ஓடுவதற்கு ஒரு தட்டை நிலம் வேண்டியிருந்தது. அடுத்து வரும் கால்களுக்கும் அது வேண்டும்.